ஒரு நூல்கூட நகராத மலை

லெஸ்டர் ஹௌகன் கல்லைக் கண்டால் நக்குவான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு தெரிந்து முகம் சுளிப்பதைவிட இப்போதே சுளித்து முடித்துவிடுவது நல்லது. ஈரம் பட்டால்தான் கல்லின் உண்மையான நிறம் தெரியுமாம். பக்கத்தில் தண்ணீர் பாட்டில் இருக்கும், இருந்தாலும் நாக்குதான் முந்தும். மண்ணாக இருந்தால் ஒரு கிள்ளு எடுத்துக் கடித்துப் பார்ப்பான். பல்லில் நறநறவென்றால் வண்டல். வெண்ணெய் மாதிரி வழுக்கினால் களிமண். முப்பத்தொரு வருடம் இந்த ஊர்ப் பள்ளிப் பேருந்தை ஓட்டியவன் இப்படி வாயில் மண்ணோடு நின்றால், அவனிடம் பிள்ளைகளை ஒப்படைத்த தாய்மார்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

என் அக்கா ஜூன் இவனைத்தான் கட்டிக்கொண்டாள். பதினெட்டு வருடம் பொறுத்தாள். இவன் சட்டைப்பைக் கல் விழுந்து மூன்றாவது முறையாகத் துணி துவைக்கும் இயந்திரம் உடைந்த அன்று, பெட்டியைக் கட்டிக்கொண்டு அரிசோனாவுக்குப் போய்விட்டாள்.

"அங்க திரும்புன பக்கமெல்லாம் கல்லுதானேடி ஜூன்?" என்று போனில் கேட்டேன்.

"இருக்கட்டுமே, அதெல்லாம் வீட்டுக்கு வெளியில கிடக்குது" என்றாள்.

அவள் விட்டுவிட்டுப் போய்விட்டாள். என்னால்தான் விட முடியவில்லை. சீடர் பெண்ட் ஊரில் ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சாப்பாட்டுக் கடை என்னுடையது. தினமும் காலை ஆறு மணிக்கு லெஸ்டர் வந்து மூன்றாவது ஸ்டூலில் உட்கார்ந்துவிடுவான். அவனுக்குக் காபியும், ஆப்பிளை மாவுக்குள் வைத்துச் சுட்ட பை பலகாரமும் கொடுத்து, நாலு வார்த்தை திட்டினால்தான் எனக்கு அன்றைய பொழுது விடிந்த மாதிரி இருக்கும்.

ஓய்வு பெற்ற பிறகு அவன் கணினி பழகினான். பிடித்தது சனி. மாநில அரசின் இணையதளத்தில் ஒரு வரைபடம் இருக்கிறது. விமானத்தில் பறந்துகொண்டே கீழே லட்சக்கணக்கான ஒளிக்கதிர்களைப் பாய்ச்சி அளக்கிறார்கள். சில கதிர்கள் இலையில் பட்டுத் திரும்பும், சில இடுக்கில் நுழைந்து தரையைத் தொட்டுத் திரும்பும். தரையைத் தொட்டதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிட்டால், இருநூறு அடி உயர மரங்களெல்லாம் காணாமல் போய், ஆட்டு ரோமத்தைச் சிரைத்த மாதிரி மலை வெறும் தோலோடு நிற்கும். லைடார் என்று பெயர். வெயில் எந்தப் பக்கத்திலிருந்து அடிக்க வேண்டும் என்றுகூட நாமே சொல்லலாம். வருடத்தில் எட்டு மாதம் வெயிலையே பார்க்காத ஊரில், சூரியனைக் கையால் பிடித்துத் திருப்பும் சுகம் லேசானதா? லெஸ்டர் என் கடையிலேயே மடிக்கணினியை விரித்து வைத்துக்கொண்டு காலை, மாலை, வடக்கு, தெற்கு என்று சூரியனைப் படாத பாடு படுத்துவான்.

"இங்க பாரு மாவிஸ், பழைய ஆத்துத் தடம்! உன் கடை பழைய ஆத்துக்குள்ளதான் இருக்கு!"

"அதான் கூரை ஒழுகுதா? காபி வேணுமா, வேண்டாமா?"

வரைபடம் கற்றுக்கொண்டானே தவிர, நிதானம் கற்றுக்கொள்ளவில்லை. ஒருமுறை விண்கல் என்று ஒன்றைத் தூக்கிவந்து என் கல்லாப்பெட்டி பக்கத்தில் ஆறு மாதம் வைத்திருந்தான். கடைசியில் அது பழைய மர அறுவை ஆலையின் உலையில் உருகி உறைந்த கசடு என்று தெரிந்தது. அதைக்கூட மன்னித்துவிடலாம். பிளவு விவகாரம்தான் அவன் மானத்தை வாங்கியது.

வரைபடத்தில் எங்கள் ஊருக்குக் குறுக்கே நேர்கோடாக ஒரு படிக்கட்டுப் போல ஓடுவதைப் பார்த்துவிட்டான். நிலநடுக்கப் பிளவேதான் என்று முடிவு கட்டினான். ஊர்க்கூட்டத்துக்குக் கதவு அகலத்தில் படம் அச்சடித்துக் கொண்டுவந்து, பள்ளிக்கூடத்தை இடம் மாற்ற வேண்டும் என்று முக்கால் மணி நேரம் பேசினான். இரண்டு தாய்மார்கள் அழுதார்கள். மறுநாள் வரைபட அலுவலகத்துக்குப் போன் போட்டபோது ஒரு பெண் பொறுமையாகச் சொன்னாளாம்: "ஐயா, அது பிளவு இல்ல. ஒரு பாதி பதினோரு வருஷம் முன்னாடி பறந்து அளந்தது, மறு பாதி போன வருஷம் அளந்தது. ரெண்டையும் ஒட்டுன தையல்தான் அது."

அவ்வளவுதான். மரம் ஏற்றும் லாரி ஓட்டுகிற கார்ல் இருக்கிறானே, இந்த ஊரின் முதல் நக்கல்காரன், அவன் ஜூலை நான்காம் தேதி சுதந்திர தின ஊர்வலத்தன்று தெருவில் மஞ்சள் பெயின்டில் ஒரு கோடு போட்டு, 'லெஸ்டர் பிளவு, தாண்டும்போது கவனம்' என்று பலகையும் நட்டுவிட்டான். பள்ளி வாத்தியக் குழுவே அந்தக் கோட்டைக் குதித்துத் தாண்டியது. நானும் குதித்தேன், பொய் சொல்வானேன். லெஸ்டரும் சேர்ந்து சிரித்தான். ஆனால் அன்று ஆப்பிள் பை சாப்பிடாமல் போய்விட்டான்.

இந்த லட்சணத்தில்தான் ஒரு செப்டம்பரில் ஒருநாள் கடைக்குள் வந்து, ஸ்டூலில் உட்காராமல் நின்றுகொண்டே சொன்னான்.

"மாவிஸ், டார்சி அங்க வீடு கட்டக் கூடாது."

டார்சி அவன் ஒரே மகள். மருத்துவமனையில் நர்ஸ். மலைச்சரிவில் இருந்த தன் நிலத்தை அதற்கு இரண்டு வருடம் முன்பு லெஸ்டரேதான் அவள் பெயருக்கு எழுதிக் கொடுத்தான். "இந்தச் சரிவு முழுக்க இது ஒண்ணுதான் சமதளம், எங்க தாத்தா பாத்துப் பாத்து வாங்குனது" என்று அப்போது ஊரெல்லாம் பெருமை அடித்துக்கொண்டான். சமையலறை ஜன்னலில் பனிமலை தெரியும்படி அவள் வீட்டுப் படம் வரைந்து வைத்திருந்தாள். மார்ச் கடைசியில் அடித்தளத்துக்குக் கான்கிரீட் லாரி வருவதாக ஏற்பாடு.

அவன் திரையைக் காட்டினான். மரமில்லாத மலை. மேலே ரொட்டியை ஒரு வாய் கடித்த மாதிரி அரைவட்டமாக ஒரு செங்குத்து. அதன் கீழே தட்டையான ஒரு படி. அதற்கும் கீழே கூழைக் கொட்டிய மாதிரி மேடும் பள்ளமுமாக ஆறுவரை இறங்கியிருந்தது.

"அந்தப் படிதான் டார்சியோட இடம். ஏன் சமதளமா இருக்கு தெரியுமா? முன்னொரு காலத்துல மலையோட ஒரு துண்டு வழுக்கி இறங்கி அங்க உக்காந்துடுச்சு. அது மறுபடியும் எப்ப எழுந்து நடக்கும்னு எவனுக்கும் தெரியாது. அடியில நீலக் களிமண்ணு. கடிச்சுப் பாத்தேன். ஒரு நறநறப்பு இல்ல."

"எப்ப வழுக்குச்சாம்?"

"ஆயிரம் வருஷம் இருக்கலாம். அஞ்சாயிரமும் இருக்கலாம்."

"ஆயிரம் வருஷமா உக்காந்திருக்கறது டார்சி ஜன்னல் வெக்கறதுக்காகத்தான் எந்திரிக்கப் போகுதாக்கும்!" என்றேன். கடையில் எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

அன்று மாலை டார்சி வந்தாள். திரையைப் பார்த்தாள், பிறகு அப்பனைப் பார்த்தாள்.

"அப்பா, போன தடவை பிளவுன்ன. நான் ஆஸ்பத்திரியில எத்தனை பேருக்குப் பதில் சொன்னேன்னு தெரியுமா? இப்ப என் வீட்ல கை வைக்கிற."

"இது தையல் இல்லம்மா. ரெண்டு வருஷத்துப் படத்துலயும் பாத்துட்டேன்."

"சரி. மலை நகருதுன்னு சொல்ற, இல்லையா? அளந்து காட்டு. கான்கிரீட் வர்றதுக்கு முந்தின சனிக்கிழமை வரைக்கும் டைம். நகர்ந்திருந்தா நான் விட்டுடறேன். நகரலன்னா இந்தப் பேச்சை இதோட விட்டுடணும். எனக்கு ஒரு வீடு வேணும்ப்பா, அவ்வளவுதான்."

"அளக்கறதுக்கு நான் மட்டும் போனா ஊரு நம்பாதே" என்றான்.

"சித்தி கூட வரட்டும். சித்தி உனக்குச் சாதகமா ஒரு வார்த்தை பேசி நான் பாத்ததே இல்ல."

இப்படித்தான் வாயை மூடிக்கொண்டிருந்த நான் வகையாக மாட்டிக்கொண்டேன்.

அளக்கிற முறை இதுதான். அந்தச் சமதளத்தின் பின்பக்கம், சரிவு தொடங்கும் இடத்தில், பெரணிச் செடிகள் மூடிய நீளமான ஒரு பள்ளம் உண்டு. பள்ளத்துக்கு மேலே ஓர் இரும்புக் கம்பி, கீழே சமதளத்தில் ஒரு கம்பி. மலைத்துண்டு இறங்கினால் கீழ்க்கம்பி அதோடு இறங்கும், இரண்டுக்கும் நடுவே தூரம் கூடும். மேல்கம்பிக்குப் பக்கவாட்டில் கொஞ்சம் தள்ளி ஒரு நிஜப் பாறை துருத்திக்கொண்டிருக்கிறது. அது வழுக்கலில் சேராதது. அதில் ஓர் ஆணி அடித்து வெள்ளை பெயின்ட் பூசினான். கம்பிகள் இரண்டும் அந்த ஆணியிலிருந்து எவ்வளவு தூரம் என்று மாதத்தின் முதல் சனிக்கிழமை மட்டும் சரிபார்ப்பான். மற்ற சனிக்கிழமைகளில் கம்பிக்குக் கம்பிதான். நான் மேல்கம்பியில் நாடாவின் நுனியைப் பிடிக்க, அவன் கீழே குந்தி உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்து, படித்து, மறுபடி துடைத்துப் படித்து, நோட்டில் எழுதுவான், அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கான நூல்வரை.

பதினான்கு அடி, இரண்டு அங்குலம், மூன்று நூல்.

அக்டோபரில் அதே. நவம்பரில் பதினாறு நாள் விடாமல் மழை பெய்தது, அப்போதும் அதே. டிசம்பரில் பனியைத் தோண்டிக் கம்பியைத் தேடினோம். பதினான்கு அடி, இரண்டு அங்குலம், மூன்று நூல். கடைக்குத் திரும்பினால் கார்ல் காத்திருப்பான்.

"என்ன லெஸ்டர், மலை புறப்பட்டுருச்சா? டிக்கெட் எடுத்துருச்சா?"

"இன்னும் இல்ல" என்பான் லெஸ்டர், சாந்தமாக.

"அதுக்கு உன் பஸ்ஸுன்னா பயமா இருக்கும்!"

ஜனவரியில் பனிமேல் சூடான மழை பெய்தது. ஆறு பொங்கி என் கடை வாசல்வரை வந்தது. மலைகளில் அங்கங்கே சாலை சரிந்தது. லெஸ்டர் கண்ணில் பளபளப்பு. சனிக்கிழமை விழுந்தடித்துக்கொண்டு ஏறினோம். அளந்தான். மூன்று நூல். இன்னொரு முறை அளந்தான். அதே மூன்று நூல். அவன் முகம் தொங்கிப்போனது.

"மகளோட நிலம் இடியலயேன்னு துக்கம் கொண்டாடற அப்பனை இப்பதான்யா பாக்கறேன்" என்றேன். சும்மா கிண்டலுக்குத்தான் சொன்னேன்.

அவன் ஈர மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"நிஜம்தான் மாவிஸ். ராத்திரி மழைச் சத்தம் கேட்டா, நகரு நகருன்னு வேண்டிக்கிறேன். நான் குடுத்த நிலம். அவ ஆசையா வரஞ்ச வீடு. அது நாசமாப் போகணும்னு வேண்டிக்கிறேன். என்ன அப்பன் நான்?"

 நாற்பது வருடப் பழக்கத்தில் முதல் முறையாக அவனைத் திட்டவில்லை. கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டேன். கனமான ஆள், சட்டைப்பையில் கல் வேறு.

அன்று கடையில் கூட்டம் ஓய்ந்த பிறகு, யாரும் பார்க்காதபோது நானே அந்த வரைபடத்தைத் திறந்தேன். சூரியனைத் தெற்கே வைத்தேன். மலையெல்லாம் பள்ளமாகவும் பள்ளமெல்லாம் மலையாகவும் தெரிந்து தலை சுற்றியது. வடமேற்குக்குத் திருப்பினேன். அப்போது கண்ணில் பட்டது. கடித்த ரொட்டி, படி, கொட்டிய கூழ். ஒரு முறை பார்த்துவிட்டால் பிறகு பார்க்காமல் இருக்க முடியாது. இந்தச் சரிவுக்கு எத்தனை முறை பெர்ரி பறிக்கப் போயிருக்கிறேன், மரங்களுக்கு நடுவே ஒருநாளும் எனக்கு இது தெரிந்ததில்லை. அந்தப் படிமேல் டார்சி கட்டிலைப் போட்டுத் தூங்குவதை நினைத்துப் பார்த்தேன். படக்கென்று திரையை மூடினேன். ஆனால் லெஸ்டரிடம் ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொண்டால் தினமும் காலையில் ஒரு கல்லைக் கொண்டுவந்து நக்கச் சொல்வானே!

மார்ச் வந்தது. கடைசிச் சனிக்கிழமைக்கு முந்தின வெள்ளி, மத்தியானம் கடையை ஒரு மணி நேரம் பூட்டிவிட்டு, கடப்பாரையும் சுத்தியலுமாகத் தனியாக மலை ஏறினேன். எனக்கு வயது அறுபத்திரண்டு. கீழ்க்கம்பி நின்ற இடத்தில் சேறு முழங்கால்வரை இருந்தது. அதில் இறங்கினால் என்னை வெளியே எடுக்கக் கார்லின் லாரிதான் வர வேண்டும். அதனால் மேல்கம்பியைப் பிடுங்கி, மூன்று அங்குலம் மேலே தள்ளி அடித்தேன். பழைய துளையை அடைத்து, பாசியை எடுத்து மேலே வைத்து அமுக்கினேன். தூரம் கூடினால் சரிதானே, எந்தக் கம்பி போனால் என்ன என்று நினைத்தேன். புத்திசாலி என்று நினைப்பு.

மறுநாள் டார்சியும் வந்தாள். வீட்டுக்கான மரச்சட்டங்கள் ஏற்கெனவே வந்து தார்ப்பாயின் கீழ் அடுக்கியிருந்தன. நான் நாடாவைப் பிடித்தேன். லெஸ்டர் சேற்றில் ஒரு பலகையைப் போட்டுக் குந்தினான், கண்ணாடியைத் துடைத்தான், படித்தான், துடைத்தான், படித்தான்.

"பதினாலு அடி, அஞ்சு அங்குலம், மூணு நூல்" என்றான், குரலே எழும்பாமல்.

டார்சியின் முகம் வெளுத்துவிட்டது. ஓடிப்போய்த் தானே நாடாவைப் பார்த்தாள். தார்ப்பாயின் பக்கம் திரும்பி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். எனக்கு அழுகையும் நிம்மதியும் சேர்ந்து வந்தது. முடிந்தது, பிள்ளை பிழைத்தாள் என்று நினைத்தேன்.

 அன்று முதல் சனிக்கிழமை இல்லை, ஆணியை அளக்க வேண்டிய நாள் இல்லை. யாரும் கேட்கவும் இல்லை. ஊரே சிரித்த மனிதன், ஜெயித்தாகிவிட்டது. நோட்டை மூடிவிட்டுக் கீழே இறங்கியிருக்கலாம். அவனோ நாடாவை இழுத்துக்கொண்டு பாறைக்குப் போனான். ஆணியிலிருந்து கீழ்க்கம்பியை அளந்தான். பிறகு மேல்கம்பியை அளந்தான். அந்தப் பாசியைக் காலால் லேசாகத் தள்ளிப் பார்த்தான். தலை நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தான். நான் வானத்தைப் பார்த்தேன்.

"டார்சி, இந்த அளவைக் கணக்குல எடுத்துக்காத" என்றான்.

"என்னப்பா?"

"கீழ்க்கம்பி இருந்த எடத்துலதான் இருக்கு. மேல்கம்பிதான் மூணு அங்குலம் மேல ஏறியிருக்கு. மலை வழுக்குனா கீழதான் வரும்மா. மேல ஏறாது. யாரோ... எல்க் மான் ஏதாவது கொம்பை உரசியிருக்கும். கம்பி எடம் மாறிடுச்சு."

"அப்ப மலை?"

"நகரல. ஆறு மாசத்துல ஒரு நூல்கூட நகரல." ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். "எனக்குப் பயம் இருக்கு. ஆதாரம் இல்ல. நீ சொன்ன கணக்குப்படி நான் தோத்துட்டேன். இனிமே இந்தப் பேச்சை எடுக்க மாட்டேன்."

அடப்பாவி மனுஷா! எனக்கு வந்த ஆத்திரத்தில் கடப்பாரை கையில் இருந்திருந்தால் அவன் மேலேயே போட்டிருப்பேன். உன் மகள் உயிருக்காக நான் சேற்றில் புரண்டு திருட்டுத்தனம் பண்ணினால், நீ ஆணியை அளக்கிறாயா?

டார்சி மரச்சட்டங்களின் மேல் உட்கார்ந்தாள். தூறல் தொடங்கியது. அப்பனை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீ சும்மா இருந்திருந்தா நான் நம்பியிருப்பேன்."

"ஆமா."

"அப்புறம் ஏன் சொன்ன?"

"வேற என்ன சொல்றது? அது நடக்கலயே" என்றான் அவன், அந்தக் கேள்வியே புரியாதவன் மாதிரி.

டார்சி போனை எடுத்தாள். கான்கிரீட் கம்பெனியைக் கூப்பிட்டாள். செவ்வாய்க்கிழமை லாரி வேண்டாம் என்றாள். எப்போது வேண்டும் என்று கேட்டார்கள் போலிருக்கிறது. "இங்க வேண்டாம், வேற இடம் பாத்துட்டுச் சொல்றேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

"டார்சி, மலை நகரலைம்மா" என்றான் லெஸ்டர் மறுபடியும், அவளுக்குக் காதில் விழவில்லையோ என்று.

"கேட்டுச்சுப்பா. வா, நனையாத."

இறங்கும்போது என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்: "நேத்து உன் கடை வாசல்ல கிடந்த பூட்ஸ்ல ஈர நீலக் களிமண்ணு இருந்துச்சு சித்தி. அந்த எல்க் உன் கடைக்கு ஆப்பிள் பை சாப்பிட வந்துச்சா?"  அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு இறக்கிவிட்டாள்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஜல்லிக் குழிக்குப் பக்கத்தில் டார்சி இடம் வாங்கி வீடு கட்டினாள். தட்டையான, அசிங்கமான இடம். வெள்ளம் எட்டாத உயரத்தில், பழைய ஆறு கொண்டுவந்து கொட்டிய கூழாங்கல்மேல் இருக்கிறது. வாங்குவதற்கு முன் வரைபடத்தில் சூரியனை அவளே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஜன்னலில் பனிமலை தெரியாது, ஜல்லி லாரிதான் தெரியும். மேசையைத் துடைத்துப் பத்து நிமிடத்தில் மறுபடி தூசி.

போன வாரம் கார்ல் கடையில் அவளைப் பிடித்துக்கொண்டான். லெஸ்டர் வழக்கமான இடத்தில்தான் உட்கார்ந்திருந்தான்.

"ஏன் டார்சி, அந்த மலை இன்னும் அங்கயேதான் நிக்குது. அசையக்கூட இல்ல. நல்ல இடத்த விட்டுட்டு இங்க வந்து தூசி தின்னுட்டு இருக்கியே!"

"நிக்கட்டும் கார்ல்" என்றாள் அவள், காபிக்குச் சர்க்கரை போட்டுக்கொண்டே. "மலை நகரும்னு நம்பி நான் அங்கேர்ந்து வரல. எங்கப்பாவை நம்பி வந்தேன்."

கார்ல் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டான். லெஸ்டர் கோப்பையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டு, காலிக் கோப்பையையே வெகுநேரம் குடித்தான். எனக்கும் கண் கலங்கிவிட்டது. அவனிடமிருந்து கோப்பையைப் பிடுங்கி, நிறைய ஊற்றி வைத்தேன்.